வலது ஓரத்தில் குவிந்த வரி

கண்ணு,

இங்கே எல்லோரும் சௌக்கியம் என்றுதான் இத்தனை வருஷமும் உனக்குக் கடிதம் ஆரம்பித்திருக்கிறேன். இன்று அந்த வரியை மூன்று தாளில் எழுதி மூன்றையும் கிழித்துப் போட்டுவிட்டேன். உன் அம்மா உன் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க மடத்துக்குளத்துச் சம்பந்தி வீட்டாரோடு கோயமுத்தூர் போயிருக்கிறாள். சாயங்காலம்தான் வருவாள். அதற்குள் இதை எழுதி ஒட்டித் தபாலில் சேர்த்துவிட வேண்டும். அவள் வீட்டில் நடமாடினால் எனக்குக் கை ஓடாது. நீ அமெரிக்காவிலிருந்து விமானம் ஏற இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. கடிதம் வந்து சேர எப்படியும் பன்னிரண்டு நாள் ஆகும். நாள் கணக்கெல்லாம் சரியாகத்தான் வருகிறது, என் தைரியம்தான் இழுக்கிறது.

போன கடிதத்தில் நீ இரண்டு விஷயம் எழுதியிருந்தாய். முதலாவது, நீ கற்றுக்கொள்ளும் அந்தக் கம்ப்யூட்டர் பாஷை. அதற்குச் சி என்று ஒற்றை எழுத்தில் பெயராமே. நம் ஊரில் ஒருவரை ‘சீ’ என்றால் சண்டைக்கு வருவார்கள், அங்கே அதற்குப் பட்டம் கொடுக்கிறார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன், அவளும் சிரித்தாள். எழுத்துகளை மேற்கோள் குறிக்குள் வைத்துக் கொடுத்தால் அது ஒரு சரம், அந்தச் சரத்தை அடி என்று கட்டளை போட்டால் எதிரே இருக்கும் டெர்மினல் தாளில் அடித்துத் தருகிறது என்று விளக்கமாக எழுதியிருந்தாய். எல்லோரும் முதலில் உலகத்துக்கு வணக்கம் சொல்வார்களாம், நீ உன் அக்கா பெயரை இருபது தரம் அடிக்கச் சொன்னாயாம். ‘வரி முடிந்தது என்று சொல்லும் குறியைச் சரத்தின் கடைசியில் போட மறந்துவிட்டேன் அப்பா, மெஷின் என்ன செய்திருக்கிறது பாருங்கள், உங்களுக்குச் சிரிப்பு வரும்’ என்று அந்தத் தாளையே மடித்து அனுப்பியிருந்தாய்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. VALLI VALLI என்று வரிசையாக ஓடி, தாளின் வலது ஓரத்துக்குப் போய், அதற்கு மேல் போக வழியில்லாமல், மிச்சமிருந்த வள்ளியெல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து கன்னங்கரேல் என்று ஒரு பொட்டாகக் கிடந்தது. திரும்பத் திரும்ப அடித்த அழுத்தத்தில் தாள் ஓட்டையே விழுந்திருக்கிறது. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. அம்மா வந்து, “ஏனுங்க, பையன் என்னமோ அனுப்பிச்சிருக்கறான்னு சொன்னீங்க, எதுக்குங்க இப்பிடி ஒக்காந்திருக்கறீங்க?” என்றாள். கண்ணில் தூசு என்றேன். அவளுக்குச் சொல்வதற்கு எட்டு வருஷமாக என்னிடம் தூசு மட்டும்தான் இருக்கிறது.

இரண்டாவது விஷயம், உன் அத்தானைப் பற்றியது. நீ பம்பாயில் இறங்குவது எப்படியோ அவருக்குத் தெரிந்து, விமான நிலையத்துக்கு வந்து அழைத்துப்போகிறேன் என்று உனக்குக் கடிதம் போட்டிருக்கிறார். ‘அக்காவைக் கொன்ற ஆள் என் கண் முன்னால் வந்து நின்றால் நாலு பேர் பார்க்கக் காறித் துப்புவேன்’ என்று நீ எனக்கு எழுதியிருக்கிறாய். கண்ணு, நீ துப்பக் கூடாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். துப்பியே ஆகவேண்டும் என்றால் திருப்பூர் வரை அதை வாயில் அடக்கி வைத்துக்கொண்டு வா. துப்பவேண்டிய முகம் இங்கே இருக்கிறது.

நான் பனியன் கம்பெனியில் டெலக்ஸ் ஆப்பரேட்டராக இருந்தேன் என்பது உனக்குத் தெரியும், அங்கே என்ன செய்தேன் என்பது தெரியாது. உன் டெர்மினலுக்குப் பெரியப்பா என் மெஷின். பம்பாய் ஆபீசில் ஒருவர் அடித்தால் இங்கே என் முன்னால் தாளில் விழும், நான் அடித்தால் அங்கே விழும். எழுத்து அடிக்கும் வண்டி வலது ஓரம் போனதும் அதை இடது ஓரத்துக்குத் திருப்ப ஒரு கீ, தாளை ஒரு வரி தள்ள இன்னொரு கீ. இரண்டையும் அழுத்தினால்தான் புது வரி. உங்கள் பாஷையில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே குறி என்று எழுதியிருந்தாய், புத்திசாலிகள். எங்கள் காலத்தில் லைன் கோளாறில் இரண்டில் ஒன்று வழியிலேயே தொலைந்துவிடும். தாள் நகரும், வண்டி திரும்பாது. அப்போது நீ அனுப்பிய மாதிரியே எழுத்தெல்லாம் ஓரத்தில் குவிந்து விழும். அப்படி விழுந்தால் என்ன செய்யவேண்டும் என்று ட்ரெயினிங்கில் முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்கள். மறுபடி அனுப்பு என்று கேட்கவேண்டும். அவ்வளவுதான், மூன்று எழுத்து அடிக்கிற வேலை.

வள்ளிக்குக் கல்யாணமாகிப் பம்பாய் போனபோது அம்மா பட்ட பாடு உனக்கு ஞாபகம் இருக்கும். உன் அத்தான் பழனிசாமி எங்கள் கம்பெனியின் பம்பாய் குடோனில்தான் குமாஸ்தா. கடிதம் வர ஐந்து நாள், டிரங்கால் பேசுவதோ நமக்குக் கட்டுப்படியாகாது. அப்போது பம்பாய் ஆப்பரேட்டர் நாயர் ஒரு வழி செய்தார். கம்பெனிச் சேதியை அடித்து முடித்து, மூன்று வரி இடம் விட்டு, கடைசியில் ஒரே ஒரு வரி நம் வீட்டுச் சேதி அடிப்பார். நான் ஓகே என்று பதில் அடிப்பேன். இது கம்பெனிக்குத் தெரியாமல் நடந்த காரியம், தெரிந்தால் இரண்டு பேர் வேலையும் போய்விடும். அதனால் தாளை மேனேஜரிடம் கொடுக்குமுன் அந்தக் கடைசித் துண்டை நான் கத்தரிக்கோலால் வெட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். அங்கே நாயரும் தன் தாளில் அப்படியே வெட்டிவிடுவார். அதற்கு நாங்கள் வீட்டு வரி என்று பெயர் வைத்திருந்தோம்.

வீட்டு வரியில் அப்படி என்ன பெரிய சேதி வந்துவிடும்! வள்ளி சௌக்கியம். வள்ளிக்கு ரசப்பொடி தீர்ந்தது. வள்ளி கடல் பார்த்தாள், உப்புக் கரிக்கிறதாம். வள்ளிக்கு வாந்தி, சந்தோஷச் சேதி. எல்லாவற்றுக்கும் என் பதில் ஓகே. மாசம் போகப்போக நான் வரியைப் படிக்கும் முன்பே கை ஓகே அடித்துவிடும். மணி அடித்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுந்து நிற்கிற மாதிரிதான். வீட்டிலும் எனக்கு அதே புத்தி. அம்மா என்ன சொன்னாலும் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் ‘ம், சரி’ என்பேன். “நான் என்னங்க சொன்னேன், சொல்லுங்க பாக்கலாம்” என்று அவள் மடக்குவாள். முழிப்பேன், அவள் சிரித்துக்கொண்டு போய்விடுவாள். சிரித்திருக்கக் கூடாது. நீ நாளைக்கு ஒரு பெண்ணோடு குடித்தனம் நடத்தப் போகிறாய், அவள் பேசும்போது முகத்தைப் பார்த்துக் கேள். அப்பனிடமிருந்து நீ எதை எடுத்துக்கொண்டாலும் அந்த ‘ம்’மை மட்டும் எடுத்துக்கொள்ளாதே.

வள்ளிக்கு ஏழாம் மாசம். தாராபுரத்தில் அவள் மாமியார் வீட்டில் கட்டுச்சோறு விருந்துக்கு நாள் குறித்துவிட்டோம். நாம் ஒன்பது வகைச் சோறு கட்டிக்கொண்டு போய், எல்லோருக்கும் போட்டு, அவளைத் தலைப்பிரசவத்துக்கு நம் வீட்டுக்குக் கூட்டி வரவேண்டும். நூற்றுக்கு மேல் உறவுக்காரர்களுக்குச் சொல்லியாகிவிட்டது. அவளும் மாப்பிள்ளையும் மறுநாள் பம்பாயில் ரயில் ஏற வேண்டியது. அன்று பகல் பதினோரு மணிக்குப் பம்பாயிலிருந்து லைன் வந்தது. வெளிநாட்டு ஆர்டர் ஒன்றில் சைஸ் எல்லாம் மாற்றி நீளமான பட்டியல். கட்டிங் மாஸ்டர் துணியை விரித்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். மேனேஜர் என் முதுகுக்குப் பின்னால் நின்று, “என்னுங்க, முடிஞ்சுதுங்களா? மேசையில துணி கெடக்குதுங்க, சட்டுன்னு கிழிச்சுக் குடுங்க” என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் கேட்கிறார்.

பட்டியலின் கடைசி வரி ஓரம் வரை ஓடி முடிந்தது. தாள் மூன்று வரி நகர்ந்தது. வண்டி திரும்பவில்லை. வலது ஓரத்தில் மெஷின் தடதடவென்று ஒரே இடத்தில் அடித்தது. வழக்கத்தைவிட நீளமாக அடித்தது, அதை என் காது கேட்டது. இன்று வரை கேட்கிறது. கறுப்பாக ஒரு பொட்டு. இது வீட்டு வரி என்று தெரிந்தது, ஒரு எழுத்தும் படிக்க முடியவில்லை என்பதும் தெரிந்தது. மறுபடி அனுப்பு என்று கேட்டால் மேனேஜர் கண் முன்னாலேயே வீட்டு வரி சுத்தமாக வந்து விழும். என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது, ரயில் ஏறுகிறோம் என்று அடித்திருப்பார்கள் என்று நினைத்தேன். ஓகே அடித்தேன். மேனேஜர் மேசைப் பக்கம் திரும்பிய நேரத்தில் துண்டை வெட்டிப் பையில் போட்டேன். அன்று சாயங்காலமாவது போய்த் தபாலாபீசில் ஒரு தந்தி கொடுத்துக் கேட்டிருக்கலாம். சமையல்காரரைப் பார்க்கப் போய்விட்டேன்.

அந்த வரியில் என்ன இருந்தது என்று எனக்குப் பழனிசாமி வாயால்தான் தெரியவந்தது. வள்ளிக்கு இரண்டு நாளாக உதிரம் படுகிறது. பயணம் கூடவே கூடாது என்கிறார் டாக்டர். விருந்து நிற்கக் கூடாது, போயே தீருவேன் என்கிறாள் வள்ளி. மாமா வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள். அனுப்பட்டுமா?

அப்பா ஓகே சொல்லிவிட்டார் என்று அவள் பெட்டி கட்டியிருக்கிறாள். குண்டக்கல் தாண்டியபோது உன் அக்கா போய்விட்டாள். வயிற்றில் இருந்ததும் போய்விட்டது. பழனிசாமி வழியில் ஏதோ ஒரு ஊரில் இறக்கி, தெரியாத மனிதர்களைக் கெஞ்சி, எல்லாக் காரியமும் தனியாகச் செய்துவிட்டு, அவளுடைய துணிப்பையோடு நம் வாசலில் வந்து நின்றார். நம் வீட்டில் அன்று ஒன்பது வகைச் சோற்றுக்கு வாங்கிய சாமான் மூட்டை பிரிக்காமல் கிடந்தது.

அப்போது உனக்குப் பதினாலு வயசு, நீயும் அங்கேதான் நின்றாய். உன் அம்மா அந்த நிலையிலும் மரியாதை விடவில்லை. “டாக்டரு வேண்டாம்னு சொல்லியுமா ரயிலேத்துனீங்க? எம் பொண்ணக் கொன்னு போட்டுட்டு வந்து நிக்கறீங்களே மாப்பிள்ளே!” என்று அலறினாள். அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை, தயங்கித் தயங்கித்தான் சொன்னார்: “மாமாகிட்டக் கேட்டனுங்க அத்தே. மாமா ஓகேன்னு சொன்னாருங்க.” வாசலில் இருந்த அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது. நான் சொன்ன பதில் உனக்கு ஞாபகம் இருக்கும். “அப்பிடி ஒரு சேதியும் எனக்கு வரலீங்களே மாப்பிள்ளை.”

அது பொய் என்றும் சொல்ல முடியாது, நான் படிக்கவில்லையே என்று எனக்கு நானே வக்கீல் வேலை பார்த்துக்கொண்டேன். கேட்டிருந்தால் டெலக்ஸ் தாளில் இருக்கவேண்டுமே என்று மறுநாள் உன் பெரிய மாமன் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு கம்பெனிக்கே போய்ப் பைலைப் புரட்டினார். அன்றைய தாளில் சைஸ் பட்டியல் இருந்தது, அதற்குக் கீழே தாளே இல்லை. பம்பாய்த் தாளும் அப்படித்தான் இருந்திருக்கும். கத்தரிக்கோல் இரண்டு பக்கமும் வேலை செய்திருந்தது. பழனிசாமி நாயரைச் சாட்சிக்கு இழுத்திருக்கலாம். இழுத்தால் நாயர் வேலை போகும், நாயருக்கு மூன்று பெண்கள். அதனால் பழனிசாமி அந்தப் பெயரையே எடுக்கவில்லை. பெண்டாட்டியைக் கொன்றுவிட்டு மாமனார் மேல் பழி போடுகிறான் என்று ஊர் பேசியது. தாராபுரத்தில் அவருடைய சொந்த அண்ணனே அதை நம்பினான். அவர் பம்பாய்க்குப் போனவர்தான், இந்தப் பக்கம் திரும்பவில்லை. மறுபடி கல்யாணமும் செய்துகொள்ளவில்லை என்று கேள்வி. அம்மா இன்றைக்கும் தாராபுரம் பஸ்ஸைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

வள்ளியின் கல்யாண போட்டோவை எடுத்து நீ மாப்பிள்ளையை வெட்டி எறிந்தாய், ஞாபகம் இருக்கிறதா? கத்தரி எங்கே என்று நீ தேடியபோது என் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அது ஆபீஸ் கத்தரிக்கோல். அந்தக் கணம் உன் கையைப் பிடித்திருந்தால் போதும். பிடிக்கவில்லை. நீ வெட்டி முடிக்கும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன், மனசுக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது. இதைவிடக் கேவலமாக என்னைப் பற்றிச் சொல்ல என்னிடம் வேறொன்றும் இல்லை.

அதன் பிறகு நான் வேலையை விட்டதற்குக் கண் மங்கல் என்று காரணம் சொன்னேன். கண் நன்றாகத்தான் இருந்தது. அந்த மெஷின் மணியடித்தால் எழுந்து வெளியே போய்விடுவேன். வருஷா வருஷம் சென்னிமலைப் படியேறி முருகனிடம் சொல்லிவிட்டு வருகிறேன். அவன் கேட்டுக்கொண்டானா இல்லையா என்று எனக்குத் தெரிவதில்லை. அவனும் நான் அடித்த மாதிரி ஓகே அடித்துக்கொண்டிருக்கிறானோ என்னவோ. உன் மெஷின் சில நேரம் எழுத்துகளை உள்ளேயே சேர்த்து வைத்துக்கொண்டு, வரி முடிந்தது என்ற குறி வந்தால்தான் வெளியே தள்ளும் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்தபோது அந்த இரும்பின் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. எனக்கு அந்தக் குறியைப் போட யாரும் இல்லை, நானாகவும் போட்டுக்கொள்ளவில்லை. நீ அக்கா பெயரை அடித்து அனுப்பியிருக்காவிட்டால் இந்த வரி என்னோடு சேர்ந்து நொய்யல் கரைச் சுடுகாட்டுக்குத்தான் போயிருக்கும்.

இதைச் சொல்லிவிட்டதால் பாரம் குறைந்தது என்று நினைக்காதே. ஒன்றும் குறையவில்லை. வள்ளி வரப்போவதில்லை. பழனிசாமிக்கு அந்த எட்டு வருஷத்தை யாரும் திருப்பிக் கொடுக்க முடியாது. நீ இனிமேல் என்னை அப்பா என்று கூப்பிடும்போது உன் குரல் எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. அம்மாவிடமும் இன்று சாயங்காலமே சொல்லிவிடப் போகிறேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும். அவள் புதுப்புடவையைப் பிரித்துக் காட்டுவாள், நான் நன்றாக இருக்கிறது என்பேன், எனக்கு என்னைத் தெரியும். கல்யாணத்துக்கு முன் அவளிடம் சொல்வதா வேண்டாமா என்பதை நீயும் உன் அத்தானும் பேசி முடிவு செய்யுங்கள். அதற்கு எனக்கு யோக்கியதை இல்லை.

அந்தத் துண்டை நான் எறியவில்லை. எட்டு வருஷமாகக் மூக்குக்கண்ணாடிக் கூட்டின் அடியில் மடித்து வைத்திருக்கிறேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தும், ஓர் எழுத்தைக்கூட என்னால் பிரிக்க முடிந்ததில்லை. இதோடு அதை வைத்து அனுப்புகிறேன். பம்பாயில் இறங்கியதும் அவர் காலில் விழு. பிறகு அதை அவர் கையில் கொடு. அந்தக் கறுப்புக்குள் என்ன இருக்கிறது என்பதை எழுத்துக்கு எழுத்து அறிந்தவர் அவர்தான். என் வேலையை அன்றைக்கே நான் ஒழுங்காகச் செய்திருந்தால், மூன்று எழுத்து அடித்து இன்னொரு தரம் கேட்டிருந்தால், உன் கல்யாணத்துக்கு வள்ளி தாம்பாளம் பிடித்து முன்னால் நடந்து வந்திருப்பாள்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் எனக்கு ஒரு வரி எழுது. என்னைத் திட்டி எழுது, இனி உங்கள் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று எழுது, எதை எழுதினாலும் எனக்குத் தகும். ஆனால் முழுக்கப் படித்த பிறகு எழுது. ஓகே என்று மட்டும் எழுதிவிடாதே சாமி.

அப்பா